அடிப்பலகையில் இருபத்தைந்து கட்டம்

முகாஷுக்கு இரண்டே எண்கள்தான் தெரியும். அறுபது, இருநூறு. பாலிக்சி ஊரில் பாதிப் பேருக்கு இந்தச் சங்கதி தெரியும். மீதிப் பேர் அவரிடம் இன்னும் வேலை கொடுக்காதவர்கள்.

ரயில்வே ஸ்டேஷனில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற கையோடு தலைநகர் பிஷ்கெக்குக்குப் போய் ஒரு பழைய லேசர் மெஷினை வாங்கி வந்து கேரேஜில் வைத்துக்கொண்டார். வீட்டு எண் பலகை, சாவிக்கொத்து, பள்ளிக்கூடத்துப் பரிசுக் கேடயம் என்று எது வந்தாலும் பொறித்துக் கொடுப்பார். அந்த மெஷின் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கேள்வி கேட்கும். பவர் எவ்வளவு, ஸ்பீடு எவ்வளவு என்று. சூடு எவ்வளவு இறங்கவேண்டும், எவ்வளவு வேகமாக ஓடவேண்டும் என்பதுதான் விஷயம். பவர் கூடி ஸ்பீடு குறைந்தால் மரம் கருகிப் போகும். ஸ்பீடு கூடி பவர் குறைந்தால் பூனை நக்கிவிட்டுப் போனதுபோல் ஒன்றும் தெரியாது. மரத்துக்கு ஒரு கணக்கு, தோலுக்கு ஒரு கணக்கு, கண்ணாடிக்கு ஒரு கணக்கு. முகாஷுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குதான், பவர் அறுபது, ஸ்பீடு இருநூறு. பிளைவுட்டில் அது ஏதோ ஒப்பேறும். மருந்துக்கடைக்காரர் கொடுத்த தோல் பையில் கடையின் பெயர் மறுபக்கம் வரைக்கும் போய்விட்டது.

அவர் மனைவி ஜூரா குழந்தைகள் பள்ளியில் சமையல்காரி. இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட உப்புப் பார்க்காமல் அண்டாவை இறக்கியதில்லை. அப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்டவர் வாய்த்ததை விதி என்று சொல்லித் தள்ளிவிட முடியவில்லை. தினமும் ஒரு தடவையாவது சொல்லிக்காட்டினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

"ஒரு துண்டுல போட்டுப் பாத்துட்டு அப்புறம் செஞ்சா என்னங்க கெட்டுப் போகுது?"

"முப்பது வருஷம் ஸ்டேஷனுக்கே கரண்ட் குடுத்தவன் நான். எனக்கு நீ பவர் சொல்லித் தர்றியா?"

"அதான் அந்த ஸ்டேஷனுக்குக் கோடைக்கு மட்டும் ஒத்தை ரயிலு வருது."

இதெல்லாம் வழக்கமான பேச்சு. ஆனால் அந்த வாரம் ஜூராவுக்கு விளையாட்டாக இல்லை. மகள் பெரிசாத்துக்குப் பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை கோச்கோரில் சம்பந்தி வீட்டில் தொட்டில் போடுகிறார்கள். தொட்டில் கொண்டுபோக வேண்டியது தாய்வீட்டார். தச்சரிடம் சொல்லி ஆர்ச்சா மரத்தில் செய்தாகிவிட்டது. ஆர்ச்சா என்றால் சாதாரணமா? அதன் புகையைப் போட்டுத்தானே வீட்டுக்கு வீடு கண்ணேறு கழிக்கிறார்கள். தச்சர் அதைப் பூட்டாமல் பலகை பலகையாக ஒரு சாக்கில் கட்டி அனுப்பியிருந்தார், முளை அடித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று. மிச்சத் துண்டு ஒன்றுகூட வைக்கவில்லை. அளந்து அறுத்த மனிதர்.

அந்தச் சாக்கைப் பார்த்ததும் முகாஷ் சொல்லிவிட்டார், தலைப்பக்கப் பலகையில் ஆட்டுக்கொம்புக் கோலமும் பேரன் பாயெலின் பெயரும் தானே பொறிக்கப் போவதாக. ஜூரா பயந்துபோனாள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் மரம் மட்டும் இல்லை. சம்பந்தியம்மா துர்சுனையும்தான். கோச்கோரில் கம்பளி விரிப்புக்குச் சாயம் தோய்ப்பதில் அந்த அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. வாயிலும் அப்படித்தான். போன வருஷம் கல்யாணத்தின்போது சம்பந்திக்கு உடுப்புச் சீர் வைக்க வேண்டியிருந்தது. முகாஷ் பெரிய சந்தைக்குப் போய்ப் பத்தே நிமிஷத்தில் ஒரு கோட்டு எடுத்து வந்தார். அளவு கேட்டதற்கு, "கண்ணாலயே எடுத்துட்டேன்" என்றார். துர்சுனைக்கு அந்தக் கோட்டின் கை முழங்கையோடு நின்றுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் மடித்து வைத்திருப்பார்கள். துர்சுனை அதைப் போட்டுக்கொண்டு, விலைச்சீட்டு அக்குளில் தொங்கத் தொங்க, விருந்து முடியும்வரை நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களிடம் எல்லாம், "சம்பந்தி பாத்துப் பாத்து எடுத்தது" என்று கையை நீட்டிக் காட்டினாள்.

அதோடு விட்டதா? மருமகள் பிசைந்த மாவில் கட்டி இருந்தாலும், தைத்த தையல் கோணினாலும், "பாக்காம செய்றது உங்க வீட்டு வழக்கமா, மருமகளே?" என்பாளாம். பெரிசாத் முதலில் இதைப் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். இப்போதெல்லாம் சொல்வதே இல்லை. அந்தச் சொல்லாமல் இருப்பதுதான் ஜூராவைத் தூங்கவிடவில்லை. இந்தத் தொட்டிலும் கருகிப் போனால் அந்தப் பெண் அந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடும்?

புதன்கிழமை காலையில் ஜூரா கேரேஜ் வாசலில் வந்து நின்றாள். கையில் ரம்பம் இருந்தது.

"எதுக்குடி அது?"

"தோட்டத்து வாசல் கம்பம் ஆர்ச்சாதானே? அதுல ஒரு துண்டு அறுத்துத் தாங்க. மொதல்ல அதுல போட்டுப் பாருங்க. அதுக்கப்புறம்தான் தொட்டிலு."

"கம்பத்தை அறுத்தா மாடு உள்ள வந்துடும்."

"மாடு வந்தா நான் பாத்துக்கறேன். துர்சுனை வந்தா நீங்க பாத்துக்குவீங்களா?"

முகாஷ் ரம்பத்தை வாங்கிக்கொண்டார்.

கம்பத் துண்டை மெஷினுக்குள் வைத்தார். கம்ப்யூட்டரில் அவர் விரல் தானாகவே அறுபது என்றும் இருநூறு என்றும் தட்டியது. ஜூரா இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். மெஷின் கிறீச்சிட்டு ஓடிய நாலாவது வரியிலேயே குபுகுபுவென்று புகை கிளம்பியது. கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் அடுப்புக்கரி இருந்தது. கேரேஜ் கதவு வழியாகப் புகை தெருவுக்குப் போக, இரண்டு நிமிஷத்தில் பக்கத்து வீட்டு ஒமோர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பதறி ஓடிவந்தான்.

"என்னண்ணே, இவ்வளவு ஆர்ச்சாப் புகை? யாருக்கு என்ன ஆச்சு? யாரு கண்ணு பட்டுது?"

"என் கண்ணுதான். மரத்து மேல பட்டுடுச்சு" என்றார் முகாஷ் இருமிக்கொண்டே.

"தெரு முழுக்கக் கண்ணு கழிஞ்சு போச்சு. உள்ள வா, ஒமோர். வந்ததுக்கு நீயும் பாரு" என்றாள் ஜூரா.

பிறகு மூன்று பேருமாகச் சேர்ந்து கம்பத்தோடு மல்லுக்கட்டினார்கள். பவரை முப்பதுக்கு இறக்கினார்கள். கருகல் குறைந்தது, ஆனாலும் ஓரம் எல்லாம் புகை படிந்து மங்கலாக இருந்தது. "வேகமா ஓட்டுங்கண்ணே, இஸ்திரிப்பெட்டிய ஒரே இடத்துல வெச்சா சட்டை என்னாகும்?" என்றான் ஒமோர். அவன் வீட்டில் அவன்தான் இஸ்திரி போடுவது என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. ஸ்பீடை முந்நூறு, முந்நூற்றைம்பது என்று ஏற்றி, கடைசியில் நானூறில் கோடு கோடாகச் சுத்தமாக வந்தது. ஜூரா அந்த இடத்தை விரலால் தடவி, நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள்.

"முப்பது, நானூறு. எழுதி வெச்சுக்குங்க. தயவுசெஞ்சு மாத்தாதீங்க."

"சரிம்மா, மகாராணி" என்று முகாஷ் தொட்டில் சாக்கை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அரைமணி நேர வேலை. சாயங்காலம் வரை ஆள் வெளியே வரவில்லை. வியாழக்கிழமையும் உள்ளேயே இருந்தார், ஆனால் மெஷின் சத்தமே கேட்கவில்லை. ஜூரா கதவைத் தட்டினால், "ஆச்சு ஆச்சு" என்று மட்டும் குரல் வந்தது. ஒருவேளை பலகையை ஓட்டை போட்டுவிட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாரோ என்று அவளுக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. சாயங்காலம் தொட்டிலைப் பூட்டி வெளியே கொண்டுவந்து வைத்தார். ஜூரா குனிந்து தடவிப் பார்த்தாள். தலைப்பலகையில் கொம்புகள் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி, நல்ல கஷாய நிறத்தில், ஓரம் பிசிறாமல், வழுவழுவென்று இருந்தன. நடுவில் பாயெல் என்று பெயர்.

"முப்பது நானூறுதானே?" என்று கேட்டாள்.

"வேற என்ன?" என்றார் முகாஷ், வானத்தைப் பார்த்துக்கொண்டு. முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் வானத்தைப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று ஜூராவுக்குத் தெரியும். ஆனால் பலகை அவ்வளவு அழகாக இருந்ததால் தோண்டித் துருவாமல் விட்டுவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

சனிக்கிழமை கோச்கோரில் துர்சுனை வீட்டு வாசலில் சாயம் போட்ட கம்பளிக் கற்றைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. ஆண்கள் எல்லோரும் வெளி அறையில் இறைச்சித் தட்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். தொட்டில் பெண்கள் இருந்த உள் அறைக்குப் போனது. பன்னிரண்டு பதிமூன்று பெண்கள் இருப்பார்கள். பெரிசாத் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக இருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முதலில் கண்ணாலேயே தொட்டிலைக் காட்டி, நன்றாக இருக்கிறதா, கருகவில்லையே என்று கேட்டாள். ஜூரா தலையசைத்த பிறகுதான் அவள் மூச்சு விட்டாள்.

பெண்கள் கொம்பைத் தடவிப் பார்த்து, "அடேயப்பா" என்றார்கள். துர்சுனை குனிந்து பார்த்தாள். "ம்" என்றாள். அவள் வாயிலிருந்து ஒரு "ம்" வாங்குவதே பெரிய காரியம்.

அப்புறம் புகை போட எடுத்தார்கள். பிள்ளையைக் கிடத்துவதற்கு முன்னால் தொட்டிலை ஆர்ச்சாப் புகையில் காட்டவேண்டும். மேலே, பக்கவாட்டில், பிறகு ஒருக்களித்துச் சாய்த்து அடியிலும். எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் முகாஷ் தன் ஐம்பத்தெட்டு வயதில் ஒரு நாள்கூட இந்தக் கதவுக்கு உள்ளே நின்றதில்லை. ஆண்பிள்ளைகளுக்குத் தொட்டில் என்பது மேலிருந்து பார்க்கிற பொருள். அதற்கு அடி என்று ஒன்று இருப்பதும், அதை ஊரே கூடிப் பார்க்கும் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்?

துர்சுனையின் தங்கை தொட்டிலைச் சாய்த்தாள். புகைக் கரண்டியோடு குனிந்த துர்சுனை அப்படியே நின்றுவிட்டாள்.

அடிப்பலகை முழுக்கக் கட்டங்கள். வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை. ஒவ்வொன்றும் நகத்தளவு. ஒரு மூலையில் பால் கலந்த டீ நிறத்தில் ஆரம்பித்து, கட்டத்துக்குக் கட்டம் கறுத்து, எதிர்மூலையில் கரியாக முடிந்தது. ஒவ்வொரு கட்டத்தின் பக்கத்திலும் எறும்பு எறும்பாக எண்கள். அந்தக் கரிக்கட்டத்தின் பக்கத்தில் அறுபது, இருநூறு என்று இருந்ததை ஜூரா தூரத்திலிருந்தே படித்துவிட்டாள்.

"இது என்னடியம்மா, சதுரங்கப் பலகையா?" என்றாள் ஒருத்தி.

"வாய்ப்பாடுடி. பிள்ளை படுத்துக்கிட்டே பள்ளிக்கூடம் போயிடும்" என்றாள் இன்னொருத்தி. அறை கொல்லென்று சிரித்தது. பெரிசாத் பிள்ளையின் மேல் குனிந்துகொண்டாள். அவள் காது மடல் சிவந்துபோனது ஜூராவுக்குத் தெரிந்தது.

துர்சுனையின் தங்கை நல்ல மனசுக்காரி. "சும்மா இருங்கடி. பாலிக்சிப் பக்கம் கண்ணு படாம இருக்க இப்படிப் போடுவாங்களா இருக்கும். இல்லையா, சம்பந்தி?" என்று ஜூராவைப் பார்த்தாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் புகையைப் போடுவார்கள். ஜூராவின் நாக்கு நுனிவரை அந்த ஆமாம் வந்தது. துர்சுனை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் மகளைப் பார்க்கிற கண் அதுதான் என்று நினைத்ததும் ஜூராவுக்குப் பொய் வரவில்லை.

"இல்லீங்க. அது அடையாளமெல்லாம் இல்ல. மெஷினுக்கு எவ்வளவு பவர், எவ்வளவு ஸ்பீடு வைக்கறதுன்னு போட்டுப் பாத்திருக்காரு. இந்த மரத்துல மிச்சத் துண்டு இல்ல. அதான் அடியில போட்டிருக்காரு. எங்கிட்டக்கூடச் சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"மருமகளே, என் கண்ணாடிய எடு" என்றாள் துர்சுனை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். புகைக் கரண்டியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துக்கொண்டு போனாள். முப்பது, நானூறு என்ற கட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியவில்லை. காய்ந்த கம்பத்தில் பிடித்தது புது மரத்தில் பிடிக்கவில்லை. ஜூரா சொன்னபடியே செய்திருந்தால் கொம்பும் இருந்திருக்காது, பெயரும் இருந்திருக்காது. ஜூராவுக்கு அது இப்போதுதான் புரிந்தது.

"இருபத்தஞ்சு" என்றாள் துர்சுனை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். "செவப்புச் சாயம் போடறதுக்கு முன்னாடி நான் எத்தனை கற்றை தோச்சுப் பாப்பேன்? சொல்லுங்கடி."

"எட்டு, பத்து" என்றாள் தங்கை.

"பத்து. பத்துக்கே நீங்கல்லாம் என்னைக் கிறுக்கின்னுதானே சொல்றீங்க?" என்று துர்சுனை கதவைப் பார்த்தாள். "அந்த மனுசனை இங்க வரச் சொல்லு."

"யாரை, எங்கப்பாவையா? உள்ளயா?" என்றாள் பெரிசாத்.

"உள்ளதான். நான் சொன்னேன்னு சொல்லு."

முகாஷ் இறைச்சிக் கொழுப்பு மின்னும் கையோடு வாசற்படியில் வந்து நின்றார். சாய்ந்து கிடக்கும் தொட்டிலைப் பார்த்தார். அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். அவசரமாக வானத்தைப் பார்க்க நினைத்தார், மேலே கூரைதான் இருந்தது.

"சம்பந்தி, இதுல எந்தக் கட்டத்தை எடுத்தீங்க?"

"நாப்பது, முந்நூத்தம்பது."

துர்சுனை அந்தக் கட்டத்தைத் தேடி எடுத்தாள். அதற்குப் பக்கத்தில் இருந்ததையும் தொட்டுப் பார்த்தாள். "இதுதான் இன்னும் எடுப்பா இருக்கு. ஐம்பது, முந்நூறு. நானா இருந்தா இதைத்தான் எடுத்திருப்பேன்."

"எனக்கும் அதுதான் பிடிச்சுது. மொத நாள் இதையெல்லாம் போட்டேன். ரெண்டாம் நாள் பூரா எதை எடுக்கறதுன்னு பாத்துட்டே உக்காந்திருந்தேன். அது பாக்க நல்லா இருந்துச்சு, ஆனா..." என்று இழுத்தார்.

"ஆனா?"

"ஆழமா இறங்கினா ஓரம் லேசா நிக்குதுங்க. விரலுக்குத் தெரியாது. என் விரலு காச்சுப் போன விரலு. அதனால கன்னத்தை வெச்சுப் பாத்தேன். இருபத்தஞ்சுலயும் வெச்சுப் பாத்தேன். கோலமும் தெரிஞ்சு, குத்தாம இருந்தது இது ஒண்ணுதான். பிள்ளை புரளும்போது மூஞ்சி தலைப்பலகையில படும் இல்லையா?"

ஜூரா அவரைப் பார்த்தாள். சாத்திய கேரேஜுக்குள், குப்புறப் போட்ட பலகையின் மேல், இந்தப் பெரிய மனிதர் குனிந்து கட்டம் கட்டமாகக் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த காட்சி கண்ணுக்குள் வந்தது. இந்த மனிதரைத்தான் தினம் ஒரு தடவை சொல்லிக்காட்டினோமா என்று அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் தலைத்துணி முனையில் அடக்கிக்கொண்டாள்.

துர்சுனை தொட்டிலை நிமிர்த்தி வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். மெதுவாகக் குனிந்து தலைப்பலகையில் இருந்த கொம்பின் மேல் தன் கன்னத்தை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தேய்த்துப் பார்த்தாள்.

நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"நாலு பிள்ளையைத் தொட்டில்ல போட்டிருக்கேன். பட்டு வெச்சாங்க, வெள்ளி வெச்சாங்க. கன்னத்தை வெச்சுப் பாத்தவங்க யாரும் இல்ல" என்றாள். உடனே குரல் பழையபடி ஆனது. "ஆனா ஒரு சந்தேகம் இருக்கு, சம்பந்தி. உங்க கன்னத்துல தாடி முள்ளு முள்ளா நிக்குது. மரம் உங்களைக் குத்தலைன்னு சொல்றீங்க. நீங்க மரத்தைக் குத்தலையே?"

முகாஷ் பதறிப்போய்க் கன்னத்தைத் தடவினார். "அன்னைக்கு மழிச்சிருந்தேங்க. சத்தியமா. அதுக்குன்னே காலையில மழிச்சேன்."

பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். எல்லாச் சிரிப்பையும் தாண்டிப் பெரிசாத்தின் சிரிப்பு கேட்டது. பாலிக்சி வீட்டில் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. ஜூரா அதைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிவிட்டது.

"என்ன மருமகளே, பல்லெல்லாம் தெரியுது? பிள்ளையைக் கொண்டா" என்றாள் துர்சுனை. பிள்ளையைக் கையில் வாங்கினாள். வீட்டுக்கு மூத்தவள் அவள்தான். கிடத்தும் உரிமையும் அவளுடையதுதான். ஆனால் ஒரு கணம் நின்று, திரும்பி, பிள்ளையை ஜூராவின் கையில் வைத்தாள்.

"நீங்க போடுங்க, சம்பந்தி."

ஜூரா குனிந்து பாயெலைத் தொட்டிலில் கிடத்தி, பிள்ளைகளைக் காக்கும் உமாய் தாயை நினைத்து, தொன்றுதொட்டு எல்லாப் பெண்களும் சொல்லி வந்ததைச் சொன்னாள்.

"இது என் கை இல்ல. உமாய் தாயோட கை."

"கை உமாய் தாயோடதுதான்" என்றாள் துர்சுனை, வாசற்படியில் இன்னும் நின்றுகொண்டிருந்த முகாஷைப் பார்த்து. "கன்னம் மட்டும் சம்பந்தியோடது."